கழற்றக்கூடிய வீடுகள்

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் வெளிமதிலைக் கோயிலைச் சுற்றித் தேடினால் மிச்சசொச்சம்தான் கண்ணில் படும். முழுதாகப் பார்க்க வேண்டுமானால் தெற்கே சில கிலோமீட்டர் போய்க் கொள்ளிடத்தில் பார்க்க வேண்டும். 1836இல் ஆர்தர் காட்டன் அங்கே கீழணையைக் கட்டியபோது கருங்கல் தேவைப்பட்டது. பக்கத்தில் மலை கிடையாது, ராஜேந்திர சோழன் எழுப்பிய மதில் இருந்தது. அதைப் பெயர்த்துக் கொண்டுபோய் ஆற்றில் இறக்கினார்கள். தடுத்த ஊரார் தண்டிக்கப்பட்டார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக ஒரு வாக்குறுதியும் கொடுக்கப்பட்டது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டிலோ இடிக்க ஆள் வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை. சுற்றுவட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சோழர் காலச் செங்கல்லைத் தோண்டி எடுத்துச் சொந்த வீடு கட்டிக்கொண்டார்கள். அகழாய்வில் சுவருக்குப் பதிலாகச் சுவர் இருந்த பள்ளங்கள் கிடைத்த கதை அதுதான்.

நாங்கள் மூன்று பேர் சென்னையிலிருந்து காரைக்குடிக்குப் போகிற வழியில் அங்கே நிறுத்தினோம். செங்கல்பட்டுப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர், அவருக்காக மரம் பார்த்துச் சொல்ல வந்த ஆசாரி, வேடிக்கை பார்க்க நான். நண்பருக்குப் பழைய தேக்குத் தூண்களும் ஒரு பெரிய நிலைக்கதவும் வேண்டும். கோயிலைச் சுற்றி வந்த ஆசாரி மதில் கதையைக் கேட்டுவிட்டு, “கல்லு கல்லாத்தானே போயிருக்கு சார். தண்ணியில நின்னாலும் கல்லுதான்” என்றார். அவர் பார்வையில் அது நஷ்டமில்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கல் இரு நூற்றாண்டு நெருங்கக் காவிரிப் படுகைக்குப் பாசனம் தந்திருக்கிறது என்பதும் உண்மை, அதை எடுத்தவர்களுக்கு எடுக்க உரிமை இல்லை என்பதும் உண்மை. பழைய கட்டடத்திலிருந்து பொருள் எடுக்கிற தொழிலில் இந்த இரண்டு உண்மையும் எப்போதும் ஜோடியாகத்தான் வரும் என்பது காரைக்குடியில் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அணைக்கரை, கும்பகோணம், தஞ்சாவூர், புதுக்கோட்டை. வழி முழுக்க எழுத விஷயம் இருக்கிறது, சாப்பாடு உட்பட. அதையெல்லாம் விட்டுவிட்டு நேரே செட்டிநாட்டுக்கு வருகிறேன்.

செட்டிநாட்டு ஊர்கள் 96 என்பது வழக்கு. இன்று எஞ்சியவை எழுபத்துச் சொச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டாம் உலகப்போர் வரை, கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் அங்கே சம்பாதித்ததை இங்கே வீடாக இறக்கினார்கள். பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி, ஜப்பானிலிருந்து பூ ஓடு, இங்கிலாந்திலிருந்து இரும்புத் தூண். முகப்பு ஒரு தெருவிலும் கொல்லைக் கதவு அடுத்த தெருவிலும் திறக்கிற நீள வீடுகள். 1930களின் மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் வயல்கள் கைமாறி, கீழ் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் வசம் வந்துவிட்டது. 1942இல் ஜப்பான் படை நுழைந்தது. பர்மா விடுதலை பெற்றதும் நிலம் போயிற்று, 1960களில் நே வின் ஆட்சியில் மிச்சமும் போயிற்று. வீடுகள் மட்டும் இங்கே நின்றன. அவற்றைப் பராமரிக்க வேண்டிய வருமானம் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

காரைக்குடியை ஒட்டிய ஓர் ஊரில் அப்படியொரு வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ‘இடித்துக்கொண்டிருந்தார்கள்’ என்று நான் சொன்னதை மேஸ்திரி ஏற்கவில்லை. “இடிக்கிறது கடைசி நாள் வேலைங்க. இப்ப எறக்கிக்கிட்டிருக்கோம்” என்றார். பங்காளிகள் நாற்பது பேருக்கு மேல். சென்னை, கோவை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறியிருந்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை முன்னோர் படைப்புக்குக் கூடுவது, கூரை ஒழுகினால் யார் செலவழிப்பது என்று பேசுவது, பேசியபடியே கலைவது. பல வருடம் இப்படிப் போன பிறகு பிரித்து விற்றுப் பங்கு போட்டுக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. கோவையிலிருந்து வந்திருந்த ஒருவர் எல்லோர் சார்பிலும் நின்று கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய வயதான சித்தி, பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்தார். “உள்ள வந்து பாருங்களேன் ஆச்சி” என்று நண்பர் மரியாதைக்கு அழைத்தார். “பாத்தது போதும்பா. நீங்க பாருங்க” என்று சொல்லிவிட்டார்.

இறக்குகிற வரிசை கட்டியதற்கு நேர் எதிர். கடைசியாக வந்தது முதலில் போகும். விளக்குகள், கண்ணாடி, பித்தளைப் பூட்டு, கைப்பிடி ஆகியவை முதலில். அடுத்து கதவுகள். பழைய கதவுக்குக் கீல் கிடையாது. பலகையின் மேலும் கீழும் குடுமி விட்டிருப்பார்கள், அது நிலையின் குழியில் சுழலும். கதவைச் சற்றே தூக்கிச் சாய்த்தால் முழுசாகக் கையில் வந்துவிடுகிறது, ஒரு திருகாணிகூடக் கழற்ற வேண்டியதில்லை. பிறகு கூரை. நாட்டு ஓடு அடுக்கடுக்காகப் போட்டிருந்தது. மேலே இரண்டு பேர், ஏணியில் ஒருவர், கீழே வரிசையாகப் பெண்கள். ஓடு கைமாறிக் கைமாறி இறங்கியது. தவறி விழுந்து உடைந்தால் சத்தத்தை வைத்தே மேஸ்திரி தலை தூக்கினார். ஓட்டுக்குக் கீழே ரீப்பர், அதன் கீழே கைமரம், அதற்கும் கீழே உத்தரம். துளைக்குள் முனையைச் செருகி மர ஆணி அடித்த இணைப்புகள். அந்த மர ஆணியைப் பின்பக்கத்திலிருந்து தட்டிவிட்டால் உத்தரமும் கைமரமும் விலகிக்கொள்கின்றன. தூண்களை எடுக்குமுன் மேலேயிருக்கும் உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, தூணின் தலையில் இருக்கும் போதிகையை முதலில் கழற்றுகிறார்கள். தூண் கல் பீடத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நூறு வருடம் தன் எடையாலும் கூரையின் எடையாலுமே நின்றிருக்கிறது.

முகப்பின் பெரிய நிலையை எடுக்கிற அன்று தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். வீடு கட்டும்போது நிலை வைப்பதற்குச் சடங்கு உண்டென்றால் எடுப்பதற்கும் இருக்க வேண்டியதுதான். மேலே கஜலட்சுமி செதுக்கியிருந்த அந்த நிலையைச் சுற்றிச் சுவரை அங்குலம் அங்குலமாகத் தோண்டி விடுவித்தார்கள். அரை நாள் ஆனது. வேறு எந்த வேலையிலும் அவ்வளவு மௌனமாக இருக்கவில்லை.

எனக்கு ஆச்சரியம் மரத்தில் அல்ல, செங்கல்லில். மரம் விலை போகும், அதனால் காப்பாற்றுகிறார்கள் என்று புரிகிறது. சுவரை என்ன செய்வார்கள்? பெண்கள் நான்கைந்து பேர் குத்த வைத்து உட்கார்ந்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு செங்கல்லின் முதுகிலும் இரண்டு தட்டுத் தட்டினார்கள். ஒட்டியிருந்த சுண்ணாம்புக் காரை பொடியாக உதிர்ந்தது. செங்கல் சூளையிலிருந்து வந்ததுபோல் சுத்தமாக நின்றது. ஒன்றோடு ஒன்றைத் தட்டிப் பார்த்து, கணீரென்றால் ஒரு பக்கம், சத்தம் மந்தமாக இருந்தால் இன்னொரு பக்கம். கணீர் ரகம் ஆயிரக் கணக்கில் விலை போகிறது. மந்த ரகம் தரைக்கு அடியில் நிரப்பப் போகிறது. இது எப்படிச் சாத்தியம் என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மெலிது. அடி விழுந்தால் காரை விட்டுக்கொடுக்கும், செங்கல் பிழைக்கும். சிமெண்ட் கலவை சாதாரணச் செங்கல்லைவிடக் கெட்டி. அங்கே அடி விழுந்தால் செங்கல் உடையும், கலவை நிற்கும். அதே வீட்டின் பின்கட்டில் சில பத்தாண்டுகளுக்கு முன் யாரோ சிமெண்ட் வைத்துக் கட்டிய குளியலறை ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு முழுச் செங்கல்கூடத் தேறவில்லை. மேஸ்திரி அதன் பக்கம் கையை நீட்டி, “அது ரப்பீஸ்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

தரையிலும் இதே கதை. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவை ஊற்றி அச்சில் வார்க்கிறார்கள். மேற்பரப்பின் மினுமினுப்பு கண்ணாடியிலிருந்து வருவது. சுண்ணாம்பு மணலில் பதித்த கூடத்தில் பாரையின் நுனியை அடியில் விட்டு நெம்பினால் கல் எழும்பி வருகிறது. சிமெண்டில் பதித்த அறையில் மூன்றில் ஒன்று மூலை உடைந்தது.

தேறாதவையும் உண்டு. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்த சுவர்ப் பூச்சு, முகப்பின் மேல் நின்ற சுதைச் சிற்பங்கள், முற்றத்தைச் சூழ்ந்த வளவின் நான்கு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் மழைநீரை முற்றத்துக்குக் கொண்டுவந்த சரிவு. இவற்றைக் கழற்ற வழியில்லை. கட்டியவர்களின் மிகப் பெரிய சாமர்த்தியம் இவற்றில்தான் இருந்தது. விலைப்பட்டியலில் இவற்றுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

மறுநாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய பொருள் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தெருவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எனாமல் தூக்குச் சட்டி, ரவிவர்மா படம், மரப்பெட்டி, பித்தளைப் படி என்று வாசலில் கொட்டிக் கிடக்கும். தூணும் நிலையும் உள்ளே, பின்பக்கக் கொட்டகையில். ஆசாரி வாசலில் எதையும் தொடவில்லை. நேரே பின்னால் போய்க் கிடத்தியிருந்த உத்தரங்களை விரல் மடக்கித் தட்டிக்கொண்டே நடந்தார். சத்தம் மாறிய இடத்தில் நின்று உளியால் குத்தினார். பிறகு இரண்டு முனைகளுக்குப் போனார். உத்தரத்தின் நடுப்பகுதி காற்றில் இருக்கும், முனைகள் சுவருக்குள் இருக்கும். சுவரின் ஈரம் முதலில் தின்பது அந்த முனைகளைத்தான், கரையானும் அந்த வழியாகத்தான் ஏறும். “ரெண்டு பக்கமும் ஒரு அடி தள்ளிட்டுக் கன அடி போடுங்க பாய்” என்றார். கடைக்காரர் சிரித்தபடி முக்கால் அடிக்கு இறங்கினார். அடுத்தது ஆணி. பழைய மரத்துக்குள் முறிந்து கிடக்கும் ஓர் இரும்பாணி ரம்பத்தின் பல்லைக் கொண்டுபோய்விடும், தெறித்தால் கண்ணையும் கொண்டுபோகும். பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து நீள வாட்டில் தடவிக்கொண்டே வந்தார். கடைசியில் ஓர் ஓரத்தில் சின்னதாகச் சீவி, சீவலை முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினார். தேக்கின் எண்ணெய் வாசம் அப்படியே இருந்தது. “புது மரம் வாங்கினா அது காயுமா, வளையுமான்னு நம்ம வீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கணும் சார். இது வளையற வளைச்சலெல்லாம் எப்பவோ வளைஞ்சு முடிச்சிடுச்சு.”

அதே கொட்டகையில் ஒரு பெரிய கதவைப் படுக்க வைத்து, நான்கு கால் பொருத்தி, மேலே கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ விடுதிக்குப் போகிறதாம். ஆசாரிக்குப் பொறுக்கவில்லை. “கதவைக் கதவா வைக்க இடமில்லாதவன் எதுக்குக் கதவு வாங்குறான்?” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். நான் இந்த விஷயத்தில் அவர் கட்சி. தூண் தூணாகச் சுமை தாங்கினால் அது மறுபயன். ஓட்டல் வரவேற்பறையில் எதையும் தாங்காமல் நிற்கிற தூண் அலங்காரம், அவ்வளவுதான். ஆனாலும் அடுப்பில் எரிவதைவிட அது மேல் என்று நண்பர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைக்காரரிடம் சட்டத்தைப் பற்றியும் கேட்டேன். அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளுக்கு வயது நூறு ஆகிவிட்டால் அது தொல்பொருள். தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. செட்டிநாட்டு வீடுகளில் பல அந்த வயதைத் தாண்டிவிட்டன. பொருளுக்கு இருக்கிற இந்தப் பாதுகாப்பு வீட்டுக்கு இல்லை என்பதுதான் விசித்திரம். செட்டிநாட்டின் ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறுவது ஒரு கூரை ஒழுகலையும் அடைக்காது. கானாடுகாத்தான், கொத்தமங்கலம், கடியாபட்டி போன்ற ஊர்களில் சில வீடுகள் தங்கும் விடுதியாகிப் பிழைத்துக்கொண்டன. எல்லா வீடும் விடுதியாக முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய மரத்துக்கு நல்ல விலை இருப்பதால்தான் இந்த வீட்டு உத்தரங்கள் விறகாகாமல் தப்பின. அதே விலைதான் வீட்டைப் பிரிக்கவும் வைத்தது. நிற்கிற வீட்டுக்கு ஆள் கிடைப்பதில்லை. பிரித்துப் போட்டால் தூணுக்கு ஓர் ஆள், தரைக்கு ஓர் ஆள், செங்கல்லுக்கு ஓர் ஆள் என்று வருகிறார்கள். நாங்களும் அந்த வரிசையில் வந்தவர்கள்தான். நண்பர் நான்கு தூணும் ஒரு நிலையும் வாங்கினார். யாரும் குடியிருக்க வழியில்லாத வீட்டிலிருந்து வாங்குவது சரி, விலைக்காகவே ஆளிருக்கும் வீட்டைக் காலி செய்ய வைப்பது தவறு என்று நான் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். கொட்டகையில் கிடக்கிற உத்தரம் எந்த வகையைச் சேர்ந்தது என்று வாங்குகிறவன் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

திரும்பும்போது சிதம்பரம், புதுச்சேரி வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் இறங்கினோம். 1996இல் திறந்த அருங்காட்சியகம் அது. சென்னை கைவினை அறக்கட்டளையின் டெபோரா தியாகராஜன் தொடங்கியது. வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். பழைய கதவையும் ஜன்னலையும் இடிபாட்டிலிருந்து எடுத்துப் புது வீட்டில் வைப்பதைக் கேரளத்தில் பல பத்தாண்டுகள் செய்துகாட்டியவர். கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியில் 1850இல் கட்டிய சிரியன் கிறிஸ்தவர் வீடு ஒன்று இங்கே நிற்கிறது. செட்டிநாட்டு வணிகர் வீடும் நிற்கிறது. விற்பனைக்கு வந்த வீடுகளை வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து, கொண்டுவந்து மறுபடி பூட்டியவை. ஆசாரிக்குக் கேரள வீட்டை விட்டு வர மனமில்லை. சுவரே மரம். பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்கின்றன. கேரளத்தில் இப்படி வீட்டையே விலைக்கு வாங்கிப் பிரித்து வேறு ஊரில் நிறுத்துவது இன்றும் நடக்கிறது. குமரகத்தில் ஒரு விடுதியே அப்படிக் கொண்டுவந்த தறவாட்டு வீடுகளால் ஆனது. காரைக்குடிக் கொட்டகையில் பார்த்ததற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே பாகங்கள் பிரிந்து போகவில்லை. தூண் இருந்த இடத்தில் தூண், வளவு இருந்த இடத்தில் வளவு. ஆனால் அதற்கு முழு வீட்டையும் ஒரே கை வாங்க வேண்டும்.

சென்னைக்குள் நுழைந்ததும் எதிரே ரப்பீஸ் லாரிகள். நகரத்தில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு இடிபடும்போது இன்னும் கொஞ்சம் மரியாதை உண்டு. தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய அச்சுக்கல்லைக் குறுக்கு வாட்டில் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பூட்டிய கூரை அது. அந்தத் தேக்குக்காக இடிக்கிற காண்ட்ராக்டர் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பார். கான்கிரீட் அடுக்குமாடியிலோ காப்பாற்ற இருப்பது கதவு, ஜன்னல், குழாய் என்று கொஞ்சம், பிறகு கம்பி. சம்மட்டியால் கான்கிரீட்டைப் பொடித்துக் கம்பியை உருவி, நிமிர்த்தி, பழைய இரும்புக்குப் போடுவதுடன் கதை முடிந்தது. நாளுக்கு 20 டன்னோ, ஒரே வேலையில் மாதத்துக்கு 300 டன்னோ கழிவு வந்தால் கான்கிரீட், மண், மரம், இரும்பு, செங்கல் என்று தரம் பிரித்துத் தர வேண்டும் என்று 2016இன் மத்திய விதிகள் சொல்லின. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டைப் பொடித்து ஜல்லியாகவும் மணலாகவும் ஆக்கும் ஆலைகள் இருக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு செங்கல்லை மணலாக்குவதும் செங்கல்லைச் செங்கல்லாகவே இன்னொரு சுவரில் வைப்பதும் ஒன்றல்ல.

செட்டிநாட்டுக் கொத்தனார்கள் எதிர்காலத்தில் பிரிப்பார்கள் என்று நினைத்துக் கட்டவில்லை. அவர்கள் கையில் இருந்தது சுண்ணாம்பும் மர ஆணியும். அதனால் பிரிந்தது. நம் கையில் இருப்பது சிமெண்டும் ஒட்டுப் பசையும். அதனால் நம் வீடுகள் ஒரே ஒரு தடவைதான் வீடாக இருக்கும்.

பழைய வீட்டை இடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜேசிபி வருவதற்கு முன்பு ஒரு ஆசாரியைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். எது தேறும், எது தேறாது என்று அவர் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார். ஒப்பந்தத்தில் ‘இறக்க’ தனியாக நாள் கொடுங்கள், ‘இடிக்க’ தனியாகக் கொடுங்கள். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மட்டும் மறுபயன் என்று தொடாதீர்கள், அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. புதிதாகக் கட்டுகிறவர்கள் காம்பவுண்ட் சுவரையாவது சுண்ணாம்பில் கட்டிப் பாருங்கள், நிலையையும் ஜன்னலையும் பின்னால் கழற்றுகிற மாதிரி பொருத்தச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் கூடும். எங்கள் நண்பர் தூண்களைக் கல் பீடத்தின் மேல், சிமெண்ட் இல்லாமல் நிறுத்தியிருக்கிறார்.